சிவப்புக்குக் கீழை மஞ்சள்

இல்லை, அதைக் கீழை வைக்காதேங்கோ குருசுமுத்தண்ணை. கையிலை வைச்சுக்கொண்டே சொல்லுங்கோ. இந்தச் சின்னக் காருக்கு ஆர் பெயின்ற் அடிச்சது? ஓம், போன கிழமையும் இதைத்தான் கேட்டனான். இண்டைக்கும் கேக்கிறன். நாளைக்கு வந்தாலும் கேப்பன்.

உங்கடை மருமோன் சில்வெஸ்ரர்தான். சரி. தன்ரை கையாலை அடிச்சவர். சரி. நீங்கள் வேலை செய்யிற கப்பலாலை இறங்கி ஹம்பேர்க்கிலை அவற்றை அறைக்குப் போகேக்கை மேசையிலை காய வைச்சிருந்தவர், உங்கடை இந்த ரெண்டு கண்ணாலையும் பாத்தனீங்கள். சரி, நான் ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணியைக் குடியுங்கோ. ஜசிந்தா பாட்டுப் பழகக் கோயிலுக்குப் போட்டாள், இப்போதைக்கு வரமாட்டாள். அதுக்குத்தான் உங்களை இந்த நேரம் பாத்து வரச்சொன்னனான். அவள் நிண்டால் என்னை வாய் திறக்க விடமாட்டாள். ஏனம்மா வாற மனிசரை எல்லாம் பொலிஸ்காரர் மாதிரிக் குடையிறியள் எண்டு நிப்பாள்.

குடையத்தான் வேணும் அண்ணை. ஒரே ஒரு பெட்டை. தேப்பன் இல்லாத பிள்ளை. பிழையான இடத்திலை குடுத்திட்டு நான் ஆரிட்டைப் போய் நிக்கிறது? நீங்கள் முதல் நாள் படலையைத் திறந்துகொண்டு வந்து, சுருவிலிலை இருக்கிற என்ரை தங்கச்சியின்ரை மோன் ஜேர்மனியிலை நிக்கிறான், ஜசிந்தாவைக் கேக்கிறான், சீதனம் ஒண்டும் வேண்டாம் எண்டு சொன்னியளே, அண்டைக்கே எனக்குச் சந்தேகம் வந்திட்டுது. நீங்கள் அதை ஒரு பெருமையாச் சொல்லிப்போட்டு வாயெல்லாம் பல்லா இருந்தனீங்கள். எனக்கு அண்டு இரவு நித்திரை இல்லை. காணி வேண்டாம், நகை வேண்டாம், டொனேசன் காசு வேண்டாம். இந்தத் தீவிலை வேலைவெட்டி இல்லாமல் சந்தியிலை நிக்கிறவனே வீடும் கிணறும் கேக்கிறான். ஜேர்மன் மாப்பிள்ளைக்கு ஒண்டும் வேண்டாமோ? அப்ப அவனிலை ஏதோ பழுது இருக்கவேணும். அங்கை ஒரு வெள்ளைக்காரி இருப்பாள். இல்லாட்டி ஏதும் வருத்தக்காரன். இப்பிடித்தான் நான் நினைச்சனான், கோவிக்காதேங்கோ. உங்களுக்கு ஒரு மோள் இருந்தால் நீங்களும் நினைப்பியள்.

பங்குச் சுவாமியை விட்டுச் சுருவிலிலை விசாரிப்பிச்சன். நல்ல குடும்பம், பெடியனிலை ஒரு சொட்டுப் பழுது இல்லை எண்டார். அது எனக்கு இன்னும் கூடப் பயமாப் போச்சு. உங்களிட்டைக் கேட்டன், பெடியன் என்ரை பெட்டையை எங்கை கண்டவர் எண்டு. அவர் வெளிக்கிட்டுப் போகேக்கை ஜசிந்தா ரெட்டைப் பின்னலோடை பள்ளிக்கூடம் போனவள். நான் ஆருக்கும் படம் குடுக்கேல்லை. நீங்கள் யன்னலுக்கு வெளியிலை என்ரை முருங்கையைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். இப்பவும் அங்கைதான் பாக்கிறியள். இஞ்சாலை பாருங்கோ. காரைப் பாருங்கோ.

இதைக் கொண்டு வந்தண்டு என்ன சொன்னனீங்கள்? சில்வெஸ்ரர் அங்கை கார் பெயின்ற் அடிக்கிற இடத்திலை வேலை, தன்ரை கைவேலையை மாமிக்குக் காட்டச்சொல்லி இந்தப் பிளாஸ்ரிக் காரைத் தானே ஒட்டித் தானே பெயின்ற் அடிச்சுத் தந்தவன் எண்டனீங்கள். வாற வழியிலை இந்தியன் ஆமி சென்றியிலை மறிச்சு, பெட்டியைப் பிரிச்சு, சில்லைச் சுத்தி, கவிட்டுப் பிடிச்சு எல்லாம் பாத்தவங்கள் எண்டும் சொல்லிச் சிரிச்சனீங்கள். அவங்கள் பாத்தது என்ன, நான் பாத்தது மாதிரி அவங்கள் பாத்திருக்கமாட்டாங்கள்.

அண்ணை, உங்களுக்குத் தெரியும்தானே எங்கடை வீட்டிலை என்ன தொழில் நடந்தது எண்டு. ஊர்காவற்றுறையிலை கார் பெயின்ற் எண்டால் என்ரை மனிசன் பஸ்ரியாம்பிள்ளை. வேலணை, புங்குடுதீவு, காரைநகர், எங்கை ஹயர் கார் வைச்சிருந்தாலும் பெயின்றுக்கு இந்த வளவுக்குத்தான் வரும். உந்த மாமரத்துக்குக் கீழைதான் கொட்டில். அடிச்சது அவர். உரஞ்சினது நான். சாண்ட்பேப்பரைத் தண்ணியிலை தோய்ச்சு நாள் முழுக்க உரஞ்சி என்ரை விரலிலை ரேகையே இல்லை, பாருங்கோ. அதுக்கும் இஞ்சத்தைக் கிணத்துத் தண்ணி ஆகாது. உவர்த்தண்ணி. அதாலை கழுவிப்போட்டு அடிச்சால் மாரிக்குப் பெயின்ற் கொப்புளம் கொப்புளமா எழும்பும். சாட்டியிலையிருந்து நல்ல தண்ணி வண்டிலிலை ஏத்திக் கொண்டு வருவார். குடிக்கத் தண்ணி இல்லாத ஊரிலை காரைக் குளிப்பாட்டுறான் எண்டு சனம் சிரிச்சது.

அப்ப எனக்குத் தெரியாதோ, ஒரு பெயின்ற் எப்பிடி நிக்கும், எப்பிடிப் பேசாமல் கழண்டு வரும் எண்டு? அதுவும் இது தகரம் இல்லை, பிளாஸ்ரிக். பிளாஸ்ரிக் ஒரு பொல்லாத சாமான். காருக்கு அடிக்கிற பெயின்றிலை இருக்கிற தின்னர் அதைத் தின்னும். ஒருக்கா வேலணையிலையிருந்து ஒரு வாத்தியார் மோட்டச்சைக்கிளைக் கொண்டு வந்தார். ரெண்டு பக்கமும் மூடுறது பிளாஸ்ரிக். இவருக்கும் அப்ப தெரியாது. தகரத்துக்கு அடிக்கிற மாதிரி நேரா தின்னர் கலந்த லக்கரைத் தூக்கி அடிச்சார். நாங்கள் பாத்துக்கொண்டு நிக்க நிக்க மேல்தோல் சுருங்கி, பொரிச்ச அப்பளம் மாதிரி வந்திட்டுது. யாழ்ப்பாணம் முழுக்க அலைஞ்சு வேறை மூடி வாங்கிக் குடுத்தவர். அந்த மனிசன் அதோடை விடேல்லை. உடைஞ்ச வாளி, சீப்பு, சவர்க்காரப் பெட்டி எல்லாத்திலையும் அடிச்சடிச்சுப் பாத்தார். முதல் பூச்சாப் பிறைமர் குடுக்கவேணும், அதையும் ஒரேயடியாக் குடுக்கக்கூடாது. தள்ளி நிண்டு, பனி விழுந்த மாதிரி ஒருக்கா. அது காயவேணும். பேந்து ஒருக்கா. அப்பதான் தின்னர் பிளாஸ்ரிக்கைக் கடிக்கமுந்திப் பறந்துபோகும். எனாமல் எண்டால் கொஞ்சம் சாது, பிளாஸ்ரிக்கோடை சண்டைக்குப் போகாது. ஆனா எனாமலுக்கு மேலை லக்கரைக் கொண்டுபோய் அடிச்சியளோ, கீழை இருக்கிறதையும் கிளப்பிக்கொண்டு பொங்கும். எது கீழை, எது மேலை எண்டதுதான் இந்தத் தொழிலே. மாப்பிள்ளையைத் தேடுறதும் கிட்டத்தட்ட அப்பிடித்தான்.

அதாலை, நீங்கள் போன கையோடை நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் காரை வெயிலுக்குக் கொண்டுபோனன். பிழை பிடிக்கத்தான், வேறை என்னத்துக்கு? பொய்க்காரன் எண்டால் பெயின்றிலை பிடிபடுவான். ஒரு இடத்திலை வடிஞ்சிருக்கவேணும், ஒரு மூலையிலை கடிச்சிருக்கவேணும். ஒண்டும் இல்லை. கதவு நீக்கல் எல்லாம் துப்பரவு. கடல்காற்று இல்லாத ஊரிலை அடிச்சதாலையோ என்னவோ, சிவப்பு அப்பிடி ஒரு சிவப்பு. ஜசிந்தா வந்து தோளுக்கு மேலாலை பாத்திட்டு, பாத்தியளோ அம்மா, நல்ல வேலைகாரர் எண்டாள். முகமெல்லாம் ஒரு வெளிச்சம். அவளுக்கு மனசிலை விழுந்திட்டுது எண்டு அப்பதான் கண்டன். அவள் சம்மதிச்சாப் பிறகு பொய் வெளிக்கிட்டால் ஆர் அவளை ஆத்துறது?

சில்லு உரஞ்சிற இடத்திலை, இந்தா, இந்த விளிம்பிலை, ஒரு பொட்டுக் கழண்டிருக்கு. உங்கடை பெட்டியிலை அடிபட்டிருக்கும். கிட்டப் பிடிச்சுப் பாருங்கோ. மேலை சிவப்பு. கீழை மெல்லிசா ஒரு மஞ்சள். அதுக்கும் கீழை வெள்ளைப் பிறைமர். சிவப்பு ஒரு கள்ளப் பெயின்ற் அண்ணை, கீழை இருக்கிறதை மறைக்காது. சாம்பலுக்கு மேலை அடிச்சால் கறள் பிடிச்ச மாதிரிச் செத்துப்போய் நிக்கும். மஞ்சளுக்கு மேலை அடிச்சால்தான் இப்பிடி எரியும். இது தெரிஞ்சவன் சும்மா ஆள் இல்லை. அப்ப நான் என்ன நினைச்சிருக்கவேணும்? பெடியன் கெட்டிக்காரன், சம்மதம் எண்டு சொல்லியிருக்கவேணும். நான் அப்பிடிப்பட்டவளோ?

ஜசிந்தாவும் அவரும் கசெற்றிலை பேசி அனுப்புகினம்தானே. அவள் மறுமொழி பேசி முடிச்சாப் பிறகு நானும் கடைசியிலை ரெண்டு வசனம் பேசிவிட்டன். தம்பி, கார் நல்ல வடிவு, சிவப்புக்குக் கீழை என்ன குடுத்தனீர் எண்டு. இவள் என்னைத் திண்டுபோட்டாள், மாப்பிள்ளையிட்டைக் கேக்கிற கேள்வியோ உது எண்டு. கசெற் திரும்பி வந்தது. பெடியன் வலு மரியாதையாத்தான் சொல்லுது. மாமி, காருக்கு அடிக்கிற நல்ல விலை கூடின சிவப்பு ஸ்பிறே டின் வாங்கி, நேரா ரெண்டு தரம் அடிச்சனான், கீழை ஒண்டும் குடுக்கேல்லை எண்டு.

நேரா ரெண்டு தரமாம். நேரா அடிச்சிருந்தால் இது கார் இல்லை, அப்பளம்.

அப்ப சில்வெஸ்ரர் அடிக்கேல்லை. நீங்கள் மேசையிலை காயக் கண்டதும் பொய். இல்லை, தலையைக் குனியாதேங்கோ, நான் சண்டைக்கு வரேல்லை. சொல்லுங்கோ, அவருக்கு உண்மையிலை என்ன வேலை? அதையெண்டாலும் சொல்லுங்கோ.

ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவுறார். அட, இதுக்கோ இவ்வளவு நாளும்? கோப்பை கழுவினால் என்ன அண்ணை, கை சுத்தமாத்தான் இருக்கும். நான் அதுக்காகப் பெட்டையைக் குடுக்காமல் விடமாட்டன். முதல்லையே சொல்லியிருக்கலாம். ஆனா இந்தப் பொய்யை நீங்கள் நினைச்சுச் சொல்லேல்லை. உங்கடை மருமோனும் நினைச்சுச் சொல்லேல்லை. பெயின்ற் வேலை எண்டு சொன்னால் இந்த மாக்கிறேற்றுக்குப் பிடிக்கும் எண்டு ஆரோ உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கினம்.

இருங்கோ, இன்னும் முடியேல்லை. அதே கசெற்றிலை சில்வெஸ்ரர் இவளுக்கு ஒண்டு சொல்லுறார். குளிர் எண்டு பயப்பிடவேண்டாம், உமக்குத் தொய்வு வந்தால் இஞ்சை நல்ல மருந்து இருக்கு எண்டு. ஜசிந்தா அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்கிறாள், எவ்வளவு அன்பு எண்டு. எனக்கு அந்த இடம்தான் இடிச்சது. ஏனெண்டால், அவளுக்குத் தொய்வு எண்டு இந்த ஊரிலை ஒரு குருவிக்கும் தெரியாது. சின்னனிலை கொட்டிலுக்கை பெயின்ற் தூசு குடிச்சு வந்த இழுப்பு வருத்தம். கலியாணம் குழம்பும் எண்டு நான் ஒளிச்சு வைச்சிருக்கிறன். மருந்துக்கு யாழ்ப்பாணம் போகேக்கை சீலை எடுக்கப் போறம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போறது. சுவாமிக்கே சொல்லேல்லை. ஜசிந்தா கசெற்றிலை பேசினது முழுக்க நான் பக்கத்திலை இருந்து கேட்டனான், அவளும் சொல்லேல்லை. உங்களுக்கும் இப்பதான் தெரியும், முகத்திலை தெரியுது. அப்ப ஹம்பேர்க்கிலை கோப்பை கழுவுற பெடியனுக்கு ஆர் சொன்னது?

அண்டைக்குத்தான் நான் திரும்பவும் காரை எடுத்தனான். அந்த முன் மூடியை, பொனற்றைத் திறவுங்கோ. மெள்ள, பிஞ்சு சாமான். உள்பக்கம், இடதுகை மூலையைப் பாருங்கோ. ஒரு பயறளவுக்குப் பெயின்ற் படேல்லை, வெறும் பிளாஸ்ரிக் தெரியுது. முதல் கண்டிட்டு எனக்குச் சந்தோசம். அப்பாடா, ஒரு பிழை அகப்பட்டிட்டுது எண்டு. பாத்தால் விளிம்பு வட்டமா, வடிவா இருக்கு. தற்செயலா விட்ட இடம் அப்பிடி இராது. நகத்தாலை சுரண்டினன். நகத்துக்கை மெழுகு வந்தது.

மெழுகு அண்ணை. பெயின்ற் அடிக்கிற எவனும் மெழுகைக் கிட்டவும் எடுக்கமாட்டான். மெழுகு பட்ட இடத்திலை பிறைமரும் ஒட்டாது, பெயின்றும் ஒட்டாது. ஆனா இந்த வளவிலை அடிச்ச ஒவ்வொரு காரிலையும் ஒரு பொட்டு மெழுகு இருக்கும். மெழுகுதிரித் திருநாளுக்குக் கோயிலிலை மந்திரிச்சுத் தருவினமே, அந்தத் திரியிலை ஒரு சொட்டு. பிறைமருக்கு முந்தி, பொனற்றுக்கு உள்ளை, ஆர் கண்ணிலையும் படாத மூலையிலை. முழுக்க வடிவாயிருந்தால் நாவூறு பட்டுக் கார் எங்கையாவது போய் அடிபடுமாம், ஒரு இடம் குறையா இருக்கவேணுமாம். கார்க்காரருக்கும் சொல்லுறதில்லை, சொன்னால் காசைக் குறைப்பாங்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரியைப் பத்தவைச்சுக் குடுக்கிறது நான்தானே. ஜேர்மனியிலை எந்தப் பெயின்ற்காரன் பொனற்றுக்கை மெழுகு வைக்கிறான் எண்டு சொல்லுங்கோ பாப்பம்.

சொல்லமாட்டியள். நான் சொல்லுறன். இது என்ரை மனிசன் அடிச்ச கார்.

இருங்கோ, எழும்பாதேங்கோ. எண்பத்துநாலாம் ஆண்டு ஜேர்மனிக்கெண்டு வெளிக்கிட்டுப் போனவர். அடுத்த மாரிக்கு, கூடப்போன ஒருத்தன் திரும்பி வந்து இந்தக் கதிரையிலை இருந்துகொண்டு சொன்னான், இரவிலை களவா எல்லை கடக்கேக்கை ஆத்துக்கை தாண்டு செத்துப்போனார், பிரேதமும் எடுக்கேல்லை எண்டு. ஊர்காவற்றுறையிலை கடலைப் பாத்துக்கொண்டு வளந்த மனிசன் ஒரு ஆத்துக்கை தாண்டுபோனார் எண்டு சொல்ல, நான் நம்பினன். உப்பு விக்கிறவனையும் சந்தேகப்படுற நான், அதை மட்டும் ஒரு கேள்வி கேக்காமல் நம்பினன். தாலிக்கொடியைக் கழட்டி அலுமாரிக்கை வைச்சன். வருஷா வருஷம் திவசப் பூசை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரும் சேமக்காலையிலை தங்கடை தங்கடை குழிக்கு மெழுகுதிரி கொளுத்த, குழி இல்லாத மனிசனுக்கு நான் பெரிய குருசடியிலை கொளுத்திப்போட்டு நிப்பன். பெட்டை என்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு அழுவாள்.

மெழுகைக் கண்டண்டு எனக்கு அழுகை வரேல்லை. விசர்தான் வந்தது. இந்தக் காரைத் தூக்கிக் கிணத்துக்கை எறிவமோ எண்டு படியடி வரைக்கும் போனன். பிறகு ஒரு நாள் மீன் வெட்டிக்கொண்டு இருக்கேக்கை, ஆள் உயிரோடை இருக்கிறார் எண்டு ஒரு சந்தோசம் வந்தது பாருங்கோ. அதுதான் எனக்கு வெக்கமாப் போச்சு. ஏன் ஒளிச்சவர், ஆருக்கு ஒளிச்சவர் எண்டு ஒண்டும் தெரியாமல் சந்தோசப்படுறனே எண்டு.

நீங்கள் என்னட்டை வந்தது சில்வெஸ்ரர் கேட்டு இல்லை. தேப்பன் மோளுக்கு மாப்பிள்ளை பாத்திருக்கிறார். ஒரே வீட்டிலை இருக்கிற பெடியனாக்கும், பக்கத்திலை வைச்சுப் பாத்து, நல்லவன் எண்டு தெரிஞ்சு, உங்களைப் பிடிச்சு அனுப்பியிருக்கிறார். அதுதான் சீதனம் வேண்டாம். அதுதான் தொய்வுக்கு மருந்து. மெழுகை எனக்குத் தெரியவேணும் எண்டு வைச்சவரோ, கைப் பழக்கத்திலை வைச்சவரோ, அதுதான் எனக்கு விளங்கேல்லை. உங்களிட்டை அதைக் கேக்கவும் மாட்டன். உங்களுக்கும் தெரியாது.

ஜசிந்தாவுக்கு நான் சொல்லேல்லை. சொல்லவும் எனக்கு வாய் வருகுதில்லை. அவளைக் குடுக்கிறன். அதிலை எனக்கு இப்ப ஒரு சந்தேகமும் இல்லை. அந்த மனிசன் எனக்கு என்ன செய்திருந்தாலும் பெட்டைக்குப் பிழை செய்யமாட்டார்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. சுவாமி நேற்றுக் கூப்பிட்டு, சம்மதம் எண்டால் கோயிலிலை கலியாண ஓலை வாசிக்கவேணும் எண்டார். மாப்பிள்ளை எங்கை இருந்தாலும் இஞ்சையும் மூண்டு ஞாயிறு வாசிக்கிறதுதானே. எப்பிடி வாசிப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியும். இன்னாற்றையும் இன்னாற்றையும் மகள், தடை ஏதும் தெரிஞ்சவை சொல்லவேணும் எண்டு. பெட்டையின்ரை தேப்பனுக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு போடட்டோ எண்டு சுவாமி பேனையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டார். போட்டால், கோயில் முழுக்கச் சனம் இருக்க, தெரிஞ்ச பொய்யைக் கேட்டுக்கொண்டு நான் வாங்கிலை இருக்கவேணும். போடாட்டில், ஊர் கேக்கும், அப்ப மனிசன் எங்கை எண்டு. ஜசிந்தா கேப்பாள்.

எனக்கு ரெண்டும் ஏலும் அண்ணை, நான் தாங்குவன். ஆனா எது எண்டு நான் சொல்லமாட்டன். சுவாமியிட்டை ஓலையை நிப்பாட்டி வைக்கச் சொல்லிப்போட்டன். நீங்கள் அடுத்த கப்பலிலை போறியள். சில்வெஸ்ரருக்கு மாக்கிறேற் சம்மதம் எண்டு சொல்லுங்கோ. மற்றாளை வரச்சொல்லத் தேவையில்லை. ஆரோடை இருக்கிறார், பிள்ளையள் இருக்கோ எண்டும் கேட்டு வரவேண்டாம். ஓலையிலை தன்ரை பேரை எப்பிடி வாசிக்கிறது எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கோ. தான் செத்தவரோ இல்லையோ எண்டதை அவரே சொல்லட்டும்.